மொட்டை மாடிக்குச் சோலார் கூரை: மதுரை வெயிலுக்கு ஏற்றபடி அமைக்கும் முறை

மதுரையில் புதிதாக எழும்பும் வீடுகளின் மொட்டை மாடிகளில் ஒரே தேவைக்கு இரண்டு முறை செலவு செய்திருப்பதைப் பார்க்கலாம். குடிவந்த முதல் கோடையிலேயே மேல்தளத்து அறையின் வெக்கை தாங்காமல் மாடியின் ஒரு பகுதிக்குத் தகர ஷீட் கொட்டகை போடுகிறார்கள். மின்கட்டணம் கண்ணை உறுத்தத் தொடங்கிய பிறகு, மிச்சமிருக்கும் திறந்த பகுதியில் முழங்கால் உயரத்துக்குச் சட்டம் அடித்துச் சோலார் பேனல்களைப் பரப்புகிறார்கள். தகரம் வெயிலை வாங்கி அனலாகக் கீழே இறக்குகிறது. பேனல் நிற்கும் பக்கத்திலோ துணி உலர்த்தவும் வடகம் பிழியவும் இடமில்லாமல் போகிறது. பேனலையே கூரையாக உயர்த்தி நிறுத்தினால் இந்த இரண்டு வேலையும் ஒரே இரும்புச் சட்டத்தில் முடிந்துவிடும்.

நடுத்தரக் குடும்பத்துக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் 3 கிலோவாட் அமைப்பையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். இன்று பரவலாகக் கிடைக்கும் 540 அல்லது 550 வாட் பேனல் ஒன்று ஏழரை அடி நீளமும் மூன்றே முக்கால் அடி அகலமும் கொண்டது; எடை ஏறத்தாழ 28 கிலோ, இருபுறமும் கண்ணாடி உள்ள வகை என்றால் 32 கிலோவைத் தொடும். அத்தகைய ஆறு பேனல்களை இரண்டு வரிசையாக அடுக்கினால் 15 அடிக்கு 11 அடி அளவுள்ள கூரை கிடைக்கிறது. நான்கு பேர் கட்டில் போட்டுப் படுக்கவும், ஓரத்தில் துணி காயப்போடவும் அந்த நிழல் போதும். மின்சாரம் என்று பார்த்தால் ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் வீதம் 12 யூனிட் கிடைக்கும். மாசி முதல் சித்திரை வரை இதைவிடக் கூடும், ஐப்பசி, கார்த்திகையில் குறையும்.

இனி வரும் குறிப்புகள் அனைத்துக்கும் அடிப்படை ஒன்றே. முதலில் நிழலைத் திட்டமிட்டு, அதன் பிறகு மின்சாரத்தை அதற்குப் பொருத்த வேண்டும். பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே வெகுதொலைவில் உள்ள ஊர்களில் இந்த வரிசை கட்டுப்படியாகாது. அங்கே பேனலைத் தெற்கு நோக்கி நன்றாக நிமிர்த்தாவிட்டால் உற்பத்தி அடிவாங்கிவிடும். மதுரை அப்படிப்பட்ட ஊர் அல்ல என்பதே நமக்குள்ள வசதி.

சூரியன் போகும் பாதை

மதுரை வட அட்சரேகை 10 பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும், நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிற்கும். அந்த இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட நான்கு மாதங்களில் உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கத்திரி வெயில் முழுவதும் இந்த வடக்குப் பக்கக் காலத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. மற்ற மாதங்களில் அது தெற்கே இருக்கும்; மார்கழியில் மிகவும் சாய்ந்து, நண்பகலில் சுமார் 57 பாகை உயரத்துக்கு இறங்கும். நண்பகல் என்று இங்கே சொல்வது கடிகாரத்தின் 12 மணி அல்ல. நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது மாதத்துக்கு மாதம் மாறி, 12 மணிக்கும் 12.30 மணிக்கும் இடையில் அமையும்.

ஆகவே ‘தெற்கு நோக்கி 10 பாகை’ என்று விற்பனையாளர்கள் சொல்லும் அளவு பிழையானது அல்ல, ஆனால் கட்டாயமானதும் அல்ல. 10 பாகைச் சாய்வைக் கிழக்கு நோக்கியோ மேற்கு நோக்கியோ திருப்பினாலும் ஆண்டு உற்பத்தியில் இழப்பு சில சதவீதத்துக்குள் நின்றுவிடுகிறது. மதியத்துக்கு மேல் மேகம் திரளும் மாதங்களில் மேற்குச் சாய்வு இன்னும் கொஞ்சம் இழக்கும். அதையும் சேர்த்துப் பார்த்தாலும் நிழலில் கிடைக்கும் லாபம் பெரியது. சாய்வே இல்லாமல் மட்டமாகப் படுக்கவைப்பதை மட்டும் ஏற்காதீர்கள். மட்டமான பேனலின் விளிம்பில் மழைநீர் தேங்கி, காய்ந்து, சேற்றுக் கோடாகப் படியும். அந்தக் கோடு கடைசி வரிசைச் செல்களை மறைத்துவிடும். குறைந்தது 5 பாகை, இயன்றால் 10 பாகை வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மேற்குச் சாய்வையே பெரும்பாலும் பரிந்துரைப்பேன். காரணம், மாடியைப் பயன்படுத்தும் நேரம். உச்சிவேளையில் யாரும் மாடியில் உட்காருவதில்லை. நான்கு மணிக்கு மேல்தான் ஏறுகிறோம். மே மாதம் மாலை 4 மணிக்குச் சூரியன் ஏறத்தாழ 35 பாகை உயரத்தில், மேற்கே இருக்கும். அப்போது எட்டரை அடி உயரத்தில் மட்டமாக நிற்கும் ஒரு கூரையின் நிழல், கூரைக்கு நேர் கீழே விழாமல் 12 அடி கிழக்கே தள்ளி விழுகிறது. கூரையின் அகலமே 11 அடிதான் என்னும்போது, பணம் செலவழித்துக் கட்டிய கூரையின் கீழே முழு வெயிலும், அதற்குக் கிழக்கே வெட்டவெளியில் நிழலும் இருக்கும். கூரையின் மேற்கு விளிம்பை ஏழரை அடிக்குத் தாழ்த்திக் கிழக்கு விளிம்பை ஒன்பதரை அடிக்கு உயர்த்தினால் 11 அடி அகலத்துக்கு 10 பாகைச் சாய்வு சரியாக அமைகிறது. மேற்கிலிருந்து உள்ளே நுழையும் வெயிலும் ஓரடிக்கு மேல் பின்வாங்குகிறது. தாழ்ந்த விளிம்பிலிருந்து 3 அடி ஆழத்துக்கு மூங்கில் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ தொங்கவிட்டால், பத்தே முக்கால் அடி வரை உள்ளே வந்த வெயில் ஆறரை அடிக்குள் நின்றுவிடும். தட்டி கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். ஏன் என்பதைக் காற்றைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

கணக்கை நம்பாதவர்கள் சோதித்துப் பார்க்கலாம். 8 அடி மூங்கில் கழி ஒன்றை, கூரையின் மூலை வரும் இடங்களில் ஒவ்வொன்றாகச் செங்குத்தாக நிறுத்தி, கழியின் நுனி நிழல் விழும் இடத்தில் சாக்பீஸால் குறியிடுங்கள். காலை 9 மணி, நண்பகல், மாலை 4 மணி என்று மூன்று வேளையும் நான்கு மூலைக்கும் குறித்து, ஒவ்வொரு வேளைக்கும் உரிய நான்கு புள்ளிகளை இணைத்தால், வரப்போகும் கூரையின் நிழல் தளத்தின் மேல் கட்டம் கட்டமாகத் தெரியும். வீட்டில் உள்ளவர்கள் நாற்காலியைக் கொண்டுவந்து அந்தக் கட்டத்துக்குள் போட்டு உட்கார்ந்து பார்த்த பிறகு கூரையின் இடத்தை முடிவு செய்யலாம்.

இந்தக் கட்டங்களைப் பார்க்கும்போது படுக்கையறை எங்கே இருக்கிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். காங்கிரீட் தளம் பகல் முழுவதும் வாங்கிய சூட்டை இரவில்தான் அறைக்குள் விடுகிறது. அதனால்தான் பத்து மணிக்கு மேலும் மின்விசிறி வெந்த காற்றையே சுழற்றுகிறது. நிழல் நகரும் பாதை படுக்கையறையின் தளத்துக்கு மேல் அமைந்தால் தளம் சூடேறுவதே குறைந்துவிடும். கூரைக்கும் தளத்துக்கும் இடையில் ஆளுயரத்துக்குக் காற்று ஓடுவதால், இந்த நிழல் நன்றாக வேலை செய்யும். நிழல் எட்டாத மிச்சத் தளத்துக்கு வெள்ளைக் குளிர்ப் பூச்சு அடித்துக்கொள்ளலாம்.

நிழலைக் கொடுக்கும் கூரையின் மேல் வேறொன்றின் நிழல் விழக் கூடாது. மதுரை வீடுகளில் இந்தத் தொல்லை தண்ணீர்த் தொட்டியால் வருகிறது. வாஸ்துப்படி தொட்டியைக் கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில், மேடை கட்டி உயர்த்துகிறார்கள். மார்கழி மாதம் பிற்பகல் மூன்றே கால் மணிவாக்கில் சூரியனின் உயரம் 35 பாகைக்கு இறங்கும்போது, பேனலைவிட 6 அடி உயர்ந்து நிற்கும் தொட்டி எட்டரை அடி நீளத்துக்கு வடகிழக்காக நிழலை வீசும். ஒரு பேனலின் சிறு பகுதி மறைந்தாலும் அதே தொடரில் உள்ள மற்றவற்றின் மின்னோட்டமும் பாதிக்கப்படும். பேனலுக்குள் உள்ள, மறைந்த செல்களைச் சுற்றி மின்னோட்டத்தைத் திருப்பிவிடும் பைபாஸ் டையோடுகள் இந்த இழப்பைக் குறைக்கும், நீக்கிவிடாது. எனவே கூரையைத் தொட்டியிலிருந்து அந்த அளவுக்கு விலக்குங்கள். இடமில்லை என்றால் தொட்டியை வடபுறத்துக்கு மாற்றுவது பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் பேசிப் பாருங்கள். அடுத்த வீட்டுத் தென்னை மேலும் வளரும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தூண்கள் நிற்கும் இடம்

நம் ஊரில் பெரும்பாலான வீடுகளின் மொட்டை மாடியில், பிற்காலத்தில் இன்னொரு மாடி எழுப்பும் எண்ணத்தில் காங்கிரீட் தூண்களின் கம்பிகளை இரண்டு மூன்றடி நீட்டி விட்டிருப்பார்கள். சோலார் கூரையின் கால்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. சுமை நேராக அஸ்திவாரத்துக்கு இறங்கிவிடும். ஆனால் கம்பியை அப்படியே நம்பிவிடக் கூடாது. சுத்தியலால் தட்டிப் பாருங்கள். துரு ஏடு ஏடாக உதிர்ந்தால் இரும்பு பிரஷ் போட்டு நல்ல இரும்பு தெரியும்வரை தேய்த்து, மிஞ்சியிருக்கும் கம்பியின் தடிமனை அளக்க வேண்டும். கம்பி நன்றாக இருந்தால், தூணின் அளவுக்கே பெட்டி அடித்து ஓரடி உயரத்துக்குக் காங்கிரீட் பீடம் வார்த்து, அதற்குள் அடிப்பலகைக்கான போல்ட்டுகளை முன்கூட்டியே நிறுத்திவிடலாம். எதிர்காலத்தில் மாடி எழுப்பும்போது கூரையைக் கழற்றி ஒரு தளம் மேலே ஏற்றிக்கொள்ளும்படி, சட்டத்தை முழுக்க வெல்டிங் செய்யாமல் போல்ட் இணைப்பாக வைத்துக்கொள்வது நல்லது.

தூண் கம்பி இல்லாத வீட்டில் கால்கள் பீமின் மேலோ சுவரின் மேலோ வர வேண்டும். தளத்தின் நடுவில், கீழே எதுவும் தாங்காத இடத்தில் கால் ஊன்றுவதற்கு எந்தப் பொறியாளரும் எளிதில் ஒப்பக் கூடாது. பழைய கோட்டை இருந்த பகுதிக்குள் மாசி வீதி, ஆவணி மூல வீதிப் பக்கம் உள்ள பழைய வீடுகள் பலவற்றில் மரக்கட்டையின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளம் இருக்கிறது. அந்தத் தளத்தின் மேல் இக்கூரையை வைக்கவே வேண்டாம். சுற்றுச்சுவர்களின் மேல் இரும்பு பீம் போட்டுச் சுமையை ஏற்ற முடியுமா என்று கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டடங்களின் உயரத்துக்கு 9 மீட்டர் வரம்பு இருப்பதால், அந்த எல்லைக்குள் வசிப்பவர்கள் உயரமான சட்டம் எதையும் எழுப்புவதற்கு முன் மாநகராட்சியில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தளத்தின் மேலுள்ள தட்டோட்டையும் அதன் அடியிலுள்ள செங்கல் ஜல்லிக் காரையையும் துளைத்து ஆங்கர் போல்ட் அடிப்பதுதான் ஒழுக்குக்குப் பிள்ளையார் சுழி. காரை வலுவற்றது, போல்ட்டின் பிடி அதற்கு அடியிலுள்ள காங்கிரீட்டில் இருக்க வேண்டும். பீடம் வரும் இடத்தில் மட்டும் தட்டோட்டையும் காரையையும் வெட்டி எடுத்து, காங்கிரீட்டின் மேல் நேரடியாகப் பீடம் வார்த்து, சுற்றிலும் நீர்க்காப்புப் பூச்சு கொடுத்து, ஓரத்தைச் சரிவாகப் பூசிய பிறகு ஒரு நாள் தண்ணீர் கட்டிவைத்துக் கீழறையின் கூரையில் ஈரம் பூக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பேனல் ஏறிய பிறகு இதைச் சரிசெய்வது பெரும்பாடு.

காற்றின் கணக்கு

எல்லோரும் கேட்கும் கேள்வி, “தளம் எடையைத் தாங்குமா?” என்பது. ஆறு பேனல்களும் இரும்புச் சட்டமும் சேர்ந்து அரை டன்னைச் சுற்றியே இருக்கும். ஒரு சாதாரணத் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் 1,000 கிலோ. கீழ்நோக்கிய எடை பெரிய சிக்கல் இல்லை. காற்று மேல்நோக்கித் தூக்குவதே சிக்கல்.

கட்டடங்களின் மீதான காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி, மதுரைக்கு நொடிக்கு 39 மீட்டரை அடிப்படைக் காற்று வேகமாகக் கொள்கிறது. மணிக்கு 140 கிலோமீட்டர். அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 90 கிலோ. நம் கூரையின் பரப்பு பதினைந்தரை சதுர மீட்டர். அழுத்தம் முழுவதும் மேல்நோக்கித் திரும்புவதாகக் கொண்டால் 1,400 கிலோ விசை கூரையைப் பிடுங்கப் பார்க்கும். சொந்த எடை 500 கிலோ போக மீதி 900 கிலோவை நான்கு கால்களின் பிடிப்பு தாங்க வேண்டும். காலுக்கு 225 கிலோ. ‘தளத்தைத் துளைக்கவே வேண்டாம் சார், கட்டை வைத்து நிறுத்திவிடலாம்’ என்று சொல்பவர்கள் வைக்கும் ஒன்றரை அடிக் கனச்சதுரக் காங்கிரீட் கட்டையின் எடை சுமார் 230 கிலோ. அதாவது பாதுகாப்புக்கென்று எதுவுமே மிச்சம் இல்லாமல் கணக்கு சரிக்குச் சரியாக நிற்கிறது. பக்கவாட்டில் தள்ளும் விசையை இதில் இன்னும் சேர்க்கவே இல்லை. முழங்கால் உயரச் சட்டத்துக்குப் பொருந்தும் கட்டை முறை எட்டடிக் கூரைக்குப் பொருந்தாது.

இங்கேயும் மேற்குச் சாய்வு கைகொடுக்கிறது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் விடாமல் அடிக்கும் காற்று, தாழ்ந்த மேற்கு விளிம்பில் மோதும்போது பேனலின் மேற்பரப்பை அழுத்தும். உயர்ந்த விளிம்பு மேற்கே இருந்தால் அதே காற்று அடியில் புகுந்து தூக்கும். இருந்தாலும் சித்திரை, வைகாசியில் கோடை மழையோடு திடீரென்று சுழன்றடிக்கும் காற்றுக்குத் திசை கிடையாது. வேரோடு மரம் சாய்வது பெரும்பாலும் அந்த மாலை நேரங்களில்தான். ஆகவே எல்லாத் திசைக்கும் சேர்த்தே பிடிப்பைக் கணக்கிட வேண்டும். தொங்கும் தட்டி பாய்மரமாக மாறிவிடும் என்பதால் ஆடி பிறக்கும் முன் கழற்றிவிடுங்கள். கைப்பிடிச்சுவரைத் தாண்டி வெளியே கூரையை நீட்ட வேண்டாம். சுவரில் மோதி மேலெழும் காற்று முதலில் அந்த விளிம்பைத்தான் பிடிக்கும்.

இரும்பைப் பொறுத்தவரை, சூடாக முக்கியெடுத்த துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. குழாயும் சேனலும் வாங்குங்கள். பூச்சு 80 மைக்ரான் இருக்கட்டும். வெட்டிய முனையிலும் துளையிட்ட இடத்திலும் துத்தநாகப் பெயின்ட் அடிக்காவிட்டால் இரண்டாவது மழைக்காலத்திலேயே அந்த இடத்திலிருந்து செந்நிறக் கோடு இறங்கும். கறுப்பு இரும்பில் ரெட் ஆக்சைடு அடித்துத் தருவது மலிவுதான், ஆனால் பேனல் 25 ஆண்டு உழைக்கும்போது தாங்கும் சட்டத்தை இடையில் கழற்றி வண்ணம் பூச முடியாது. நட்டு போல்ட்டுகள் 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்க வேண்டும். குறுக்குவெட்டு அளவைப் பட்டறைக்காரர் கண்மதிப்பில் சொல்வதை ஏற்காமல், காற்றுச் சுமைக் கணக்கோடு பொறியாளர் கையொப்பமிட்ட வரைபடம் கேளுங்கள். அதற்குக் கொடுக்கும் கட்டணம் மொத்தச் செலவில் சிறு பங்குதான்.

ஊஞ்சல் பற்றியும் ஒரு வார்த்தை. கூரை எழுந்ததும் வீட்டில் முதலில் கேட்பது அதைத்தான். ஊஞ்சலின் ஆட்டம், பேனலைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கிளாம்புகளைத் தளர்த்தும், பேனலுக்குள் இருக்கும் மெல்லிய செல்களில் விரிசல் விழவைக்கும். ஊஞ்சல் வேண்டும் என்றால் அதற்கெனத் தனியாக ஒரு குறுக்கு பீமை முதலிலேயே வரைபடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். துணி உலர்த்தும் கயிற்றைக் கால்களில் கட்டலாம். பேனலின் அலுமினியச் சட்டத்தில் எதையும் கட்டக் கூடாது.

மழையும் வெளிச்சமும்

பேனல்களுக்கு நடுவில் கிளாம்பு வருவதற்காக விடப்படும் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி வழியாக மழை ஒழுகும். நிழல் மட்டும் போதும் என்பவர்கள் அப்படியே விட்டுவிடலாம். காற்று ஓட அது நல்லதும்கூட. மழைக்கும் ஒதுங்க வேண்டும் என்றால் ஒவ்வொரு இடைவெளிக்கும் அடியில் ஓர் அலுமினிய வாய்க்காலைச் சரிவின் போக்கில் ஓடவிட்டு, தாழ்ந்த விளிம்பில் உள்ள தூம்பில் சேர்ப்பதே நிலைத்த தீர்வு. குறுக்கு இடைவெளியை ரப்பர்ப் பட்டையால் மூட வேண்டும். இடைவெளி முழுவதும் சிலிகான் அடித்துத் தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பகல் சூட்டில் விரிந்தும் இரவில் சுருங்கியும் அலுமினியம் அந்தப் பூச்சைப் பிளந்துவிடும், பிறகு எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று தேடுவதே வேலையாகிவிடும். பேனலுக்கு அடியில் தகரமோ பாலிகார்பனேட் ஷீட்டோ ஒட்டி அடிப்பதும் வேண்டாம். பேனல் 25 பாகை செல்சியஸைத் தாண்டும் ஒவ்வொரு பாகைக்கும் சுமார் 0.35 சதவீதம் திறனை இழக்கிறது. செல்லின் வெப்பம் 65 பாகையைத் தொட்டால் 14 சதவீதம் போய்விடும். அடியில் காற்று ஓடாமல் அடைத்தால் இந்த இழப்பு இன்னும் ஏறும்.

மதுரையின் ஆண்டு மழை சுமார் 850 மில்லிமீட்டர். இந்தக் கூரையில் விழுவது மட்டும் ஆண்டுக்கு 13,000 லிட்டர் வரும். தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் வீட்டில் ஏற்கெனவே உள்ள சேகரிப்புக் குழாயில் இந்தத் தூம்பையும் இணைத்துவிடலாம். அதற்கு முன் ஒரு 200 லிட்டர் டிரம்மை நிரப்பி வைத்துக்கொண்டால் அதற்கு ஒரு தனிப் பயன் இருக்கிறது: பேனல் கழுவ. மதுரையைச் சுற்றிப் பல இடங்களில் போர்த் தண்ணீர் உப்புத் தண்ணீர்தான். அதைக் கொண்டு கழுவினால் கண்ணாடியில் வெள்ளைப் படலம் படிந்து, தூசியைவிட மோசமாக ஒளியை மறைக்கும். அமிலம் ஊற்றித் தேய்க்கப் போனால் கண்ணாடியின் மேற்பூச்சு கெடும்.

கூரைக்குக் கீழே வெளிச்சமும் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இருபுறமும் கண்ணாடி உள்ள பேனல்களே பொருத்தம். செல்களின் இடைவெளியில் ஒளி கசிந்து, கீற்றுக் கொட்டகையின் ஓட்டைகளில் விழுவதுபோல் பொட்டுப் பொட்டாகத் தளத்தில் விழும். அடிப்பக்கமும் கொஞ்சம் மின்சாரம் தரும். வெளிர் நிறத் தளமாக இருந்தால் கூடுதலாகத் தரும். ஆனால் அதை நம்பி விலையைக் கணக்கிட வேண்டாம்.

மின் இணைப்பில் கவனிக்க வேண்டியவை

தளத்தை ஒட்டிய பேனலுக்கும் கூரையாக நிற்கும் பேனலுக்கும் பாதுகாப்பில் பெரிய வேறுபாடு உண்டு. இங்கே மனிதர்கள், குழந்தைகள் உட்பட, பேனலின் முதுகுக்கு அடியிலேயே நடமாடுகிறார்கள். ஆறு பேனல்கள் தொடராக இணையும்போது ஏறத்தாழ 300 வோல்ட் நேர்மின்சாரம் (டி.சி.) உருவாகிறது. சூரியன் இருக்கும்வரை பேனலுக்குள் உருவாகும் இந்த மின்னழுத்தத்தை எந்தச் சுவிட்சாலும் நிறுத்த முடியாது. ஆகவே ஒரு கேபிள்கூடக் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கக் கூடாது. புற ஊதாக் கதிரைத் தாங்கும் 4 சதுர மில்லிமீட்டர் சோலார் கேபிளைக் குழாய்க்குள்ளோ சேனலின் உள்புறத்திலோ ஓட்டி, இணைப்பிகளைச் சட்டத்தோடு கட்டி வைக்கச் சொல்லுங்கள். அழகர்மலை அடிவாரத்திலும் திருப்பரங்குன்றத்திலும் குரங்குகள் தொங்கும் வயரைக் கண்டால் இழுக்காமல் விடாது; அங்கே உலோகக் குழாய்தான் தாங்கும்.

ஒவ்வொரு பேனலின் சட்டத்தையும் இரும்புக் கால்களையும் ஒன்றாக எர்த் செய்ய வேண்டும். நேர்மின் பக்கம், மாறுமின் பக்கம், இடிதாங்கி ஆகிய மூன்றுக்கும் தனித்தனி எர்த் குழிகள் வேண்டும். மூன்றையும் ஒரே குழியில் இறக்கி வேலையைச் சுருக்குவது நடக்கிற காரியம். குழி தோண்டும் நாளில் வீட்டில் இருங்கள். பேனலின் நேர்மின்சாரத்தை வீட்டுக்கான மாறுமின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரை மேற்குச் சுவரில் மாட்டினால் மாலை வெயில் அதைச் சுடும்; கூரையின் நிழலிலோ காற்றோட்டமான படிக்கட்டு அறையிலோ மாட்டலாம்.

மின்வாரிய இணைப்போடு சேர்ந்தே இயங்கும் சாதாரண ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் கரன்ட் போனால் தானும் நின்றுவிடும்; கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிருக்கான ஏற்பாடு அது. மின்தடையிலும் விளக்கு எரிய வேண்டும் என்பவர்கள் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் வகைக்குப் போக வேண்டும். நகருக்குள் மின்தடை குறைவான பகுதிகளில் அந்தக் கூடுதல் செலவு தேவையில்லை என்பது என் கருத்து. உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத் தோட்ட வீடுகளுக்கு யோசிக்கலாம்.

மானியமும் மின்வாரியமும்

வீட்டுக் கூரைச் சோலாருக்கு மானியம் தரும் மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டம் 2024-இல் தொடங்கியது. முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய், மொத்தத்தில் 78,000 ரூபாய்க்கு மேல் இல்லை. மானியம் கிலோவாட்டுக்குத்தானே தவிரச் சட்டத்தின் உயரத்துக்கு இல்லை. எனவே விலைப்புள்ளியில் உயர்த்திய சட்டத்தின் செலவைத் தனி வரியாகக் காட்டச் சொல்லி, போடாமல் விடப்போகும் தகரக் கொட்டகையின் விலையோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். மானியத்துக்கு இந்தியச் செல்களைக் கொண்டு இந்தியாவில் செய்த பேனல்களே தகுதியானவை. திட்டத்தின் தேசிய இணையதளத்தில் விண்ணப்பித்து, பதிவு பெற்ற விற்பனையாளர் மூலம் அமைக்க வேண்டும். மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரிலேயே விண்ணப்பம் போக வேண்டும் என்பதால், இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருக்கும் வீடுகள் முதலில் பெயர் மாற்றத்தை முடித்துக்கொள்ளட்டும். அனுமதிக்கப்பட்ட மின்சுமை 3 கிலோவாட்டுக்குக் கீழே இருந்தால் அதையும் உயர்த்திக்கொள்ள வேண்டியிருக்கும். வேலை முடிந்ததும், வாங்கும் மின்சாரத்தையும் திருப்பி அனுப்பும் மின்சாரத்தையும் அளக்கும் இருவழி மீட்டரை மின்வாரியம் பொருத்தும்.

இரண்டு மாதக் கணக்கில் 3 கிலோவாட் அமைப்பு ஏறத்தாழ 700 யூனிட் தரும். நம் கட்டண முறையில் 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்குக் குறைந்த விலை அடுக்குகள் கைநழுவிப் போவதால், ஏ.சி. ஓடும் வீடுகளே இந்த அமைப்பால் அதிகம் மிச்சப்படுத்தும். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டைத் தாண்டாத வீட்டுக்கு மின்சாரக் கணக்கில் லாபம் குறைவு. அவர்கள் 2 கிலோவாட்டில் சிறிய கூரை போட்டு நிழலை முதன்மைப் பயனாகக் கொள்ளலாம்.

பராமரிப்பும் கடைசித் தவணையும்

கழுவுவதற்குப் பேனலின் மேல் ஏறக் கூடாது. தாழ்ந்த மேற்கு விளிம்பிலிருந்து 11 அடி ஆழமே இருப்பதால், தளத்தில் ஒரு உறுதியான ஏணிப் பலகையில் நின்று நீளக் கைப்பிடித் துடைப்பானால் மேல்முனைவரை எட்டிவிடலாம். சாய்வை 15 அடிப் பக்கம் வைத்திருந்தால் இது முடியாது. கோடையில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை, சூரியன் ஏறும் முன் கழுவுங்கள். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றினால் விரிசல் விடக்கூடும். நாகமலை, அழகர்கோவில் சாலைப் பக்கம் மயில்கள் வந்து உட்காரும். எச்சம் காய்வதற்குள் துடைத்துவிட்டால் சிக்கல் இல்லை, விட்டுவிட்டால் அந்தச் செல் மட்டும் சூடேறிக் கெடும். ஆடிக்கு முன்பும் ஐப்பசிக்கு முன்பும் நட்டுகளை, குறித்த அளவுக்கு மட்டும் இறுக்கும் டார்க் ஸ்பானரால் இறுக்கிப் பார்க்க வேண்டும்.

ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணையை வேலை முடிந்த அன்றே கொடுத்துவிடாதீர்கள். ஒரு வெயில் நாள் முழுவதும் இன்வெர்ட்டரின் திரையைப் பார்த்து, தெளிந்த நாளில் 12 யூனிட்டை ஒட்டி வருகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நல்ல மழையில் பீடங்களைச் சுற்றி நீர் நிற்கிறதா, கீழறைக் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். எர்த் மின்தடையை உங்கள் கண்ணெதிரே மீட்டர் வைத்து அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். பேனல்களின் வரிசை எண்கள், இன்வெர்ட்டரின் உத்தரவாத அட்டை, பொறியாளரின் வரைபடம் ஆகிய மூன்றும் கைக்கு வந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுக்கலாம்.